தேரிக்காட்டில் விழுந்த கறுப்புக் கல்

“மழை வாரதுக்குள்ள எடுத்தாவணும்!” ஜீப்பிலிருந்து குதித்தான் தங்கதுரை.

வானில் வெடித்த நெருப்புக்கோளத்தின் துண்டுகள் இந்தத் தேரிக்காட்டில்தான் விழுந்திருக்க வேண்டும். விண்கல் ஆய்வு மாணவனான அவனுக்கு இது முதல் தேடல். வெறுங்கையோடு திரும்பினால் இன்னொரு முறை யாரும் அனுப்பப்போவதில்லை. கூட வந்தவர்கள் முதலாண்டு மாணவி பேச்சியம்மாளும் ஜீப் ஓட்டும் சுடலைமணியும்.

செம்மணல் கணுக்காலை விழுங்கியது. ஏறினார்கள், சரிந்தார்கள், மறுபடி ஏறினார்கள்.

“அண்ணே, இங்க பாருங்க!” பேச்சியின் கையுறையில் ஒரு கறுப்புக் கட்டி. “தார் வாசம் அடிக்கி.”

தங்கதுரை காந்தத்தை வைத்தான். கவ்வவில்லை. கல்லில் கனமும் இல்லை.

“விண்கல்லுன்னா காந்தத்தைப் புடிச்சு இழுக்கும். இது செங்கச்சூளைக் கசடு. படிச்சிட்டுத்தான் வந்தியா நீ?”

“காட்டு நடுவுல எவன்ணே வந்து கசடு கொட்டுவான்?”

“எதுத்துப் பேசாத!”

மதியம் சுடலைமணி டீ போட உட்கார்ந்தார். ஜீப்புக்கு முட்டுக்கொடுக்கும் செங்கல் இரண்டு இருந்தது. அடுப்புக்கு மூன்றாவதாக வைக்க அந்த மணலில் ஒரு கல்கூட இல்லை. அப்போதாவது தங்கதுரைக்கு உறைத்திருக்க வேண்டும்.

“ஏ புள்ள, அந்தக் கசட அண்ணாச்சிட்ட குடு.”

வேண்டாம் என்பதுபோல் பேச்சி அவனைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

டீ நன்றாகவே இருந்தது. இரண்டாவது மடக்கில், டப்! அடுப்பில் கல் பிளந்தது. உள்ளே கடுகைவிடச் சிறிய உருண்டைகள், நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள்.

“அண்ணே, இது...”

“தெரியுது.”

கரிமக் காண்டிரைட். விண்கற்களில் அரிய வகை. இரும்பின் பெரும்பகுதி களிமண்ணோடு கலந்து கிடப்பதால் காந்தம் கவ்வாது. அந்தக் களிமண்ணுக்குள் நீரும் கரிமமும் இருக்கும். அந்த வெள்ளைப் புள்ளிகள் பூமியைவிட மூத்தவை. நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் கெடாமல் இருந்த நீரை ஒரு டீக்காக அவன் ஆவியாக்கிவிட்டான்.

“தம்பி, மேகம் கவியுது!” என்றார் சுடலைமணி. “மழையில இது கரைஞ்சிருமோ?”

“கரைஞ்சிரும், அண்ணாச்சி. மத்த துண்டையாவது தேடணும், ஓடுங்க!”

மூவரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். தங்கதுரை இப்போது காந்தத்தைத் தொடவில்லை. குனிந்து மோந்துகொண்டே ஓடினான், நாய் மாதிரி. முதல் துளி முதுகில் விழுந்தபோது பள்ளத்தில் அதைக் கண்டான். முஷ்டியளவு கறுப்பு!

“பேச்சி! இங்க வா!”

மழை கொட்டியது. கல்லின் மேல் படாமல் கைகால் ஊன்றிக் கவிழ்ந்து நின்றான். ஓடிவந்த பேச்சி அவனுக்கடியில் தவழ்ந்து, கல்லை அலுமினியத் தாளில் சுருட்டினாள்.

“நனையலண்ணே!”

அவன் நிமிரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே!

ஆய்வுக்கூடம் கொண்டாடியது. இரண்டாவது கல்லில் நீர் இருந்தது, கரிமம் இருந்தது, உருண்டைகளின் அளவும் பொருந்தியது. வகை உறுதியாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பேராசிரியர் முதல் கல்லை எடுத்தார்.

“இதுல சொட்டு நீர்கூட இல்லையே. வெந்திருக்கு. வகை பிரிக்க முடியல. என்ன பண்ணீங்க?”

பேச்சி தரையைப் பார்த்தாள்.

“டீ போட்டோம் சார்,” என்றான் தங்கதுரை. “இவ வேண்டாம்னுதான் பாத்தா. நான்தான் வைக்கச் சொன்னேன்.”

கூடமே சிரித்தது. காது சுட்டது. அடுத்த தேடலுக்கும் அவனை அனுப்பினார்கள். இப்போதெல்லாம் யார் எதை நீட்டினாலும் முதலில் வாங்கி மோந்து பார்க்கிறான். டீயை வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுபோகிறான்.