கடலில் நடந்த முதலை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வரத் தெரியாது. வாசலில் மிதியடி எதற்கு? தாண்டிக் குதிக்கத்தான்! தினமும் இப்படி முணுமுணுத்துக்கொண்டுதான் அந்தப் பள்ளிக்கூடத்தைத் துடைப்பார் வாளித் தாத்தா. பெயர் பிள்ளைகள் வைத்தது. அவரைக் கேட்டு வைக்கவில்லை.

அன்று காலை கூடத்தைத் திறந்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்காட்சிக்காகத் தரையில் பெரிய உலகப் படம் வரைந்திருந்தார்கள். "படத்தைத் தொடாதீங்க. அழுக்கு இருந்தா மட்டும் துடைங்க" என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வரை, நடுக்கடல் முழுக்க வெள்ளைக் காலடித் தடங்கள்!

"நாயை உள்ளே விட்டிருக்குதுங்க!"

கரையோரக் கோடுகள் அழியாமல், கடலை மட்டும் வளைத்து வளைத்துத் துடைத்தார். தன் கைவேலையைப் பார்த்து அவருக்கே பெருமை.

எட்டு மணிக்குப் 'பல்லி' ஓடி வந்தாள். பல்லி, ஓணான் என்றால் உயிரை விடும் ஆறாம் வகுப்புச் சிறுமி.

"தாத்தா! என் முதலை எங்கே?"

"முதலை ஏது? நாய்த்தடம் கிடந்துச்சு. துடைச்சாச்சு."

பல்லி துடைத்த கடலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உருளைக்கிழங்குல அச்சு வெட்டி, நேத்து சாயங்காலம் பூரா உட்கார்ந்து வச்சேன் தாத்தா. ஒன்பது மணிக்கு நடுவர் வந்துடுவாங்க."

தாத்தாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "கடல்ல எதுக்கும்மா முதலைத் தடம்?"

"இருபது கோடி வருஷத்துக்கு முன்னாடி அதோட முன்னோர்கள் தரையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. டைனோசர் எல்லாம் செத்தும் இந்த வம்சம் தப்பிச்சுது. அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு, சில முதலைங்க இந்தக் கடலையே தாண்டிச்சு. உப்பை வெளியேத்த அதுங்க நாக்குலயே சுரப்பி இருக்கு."

"கதை விடாதே. அப்படியே போனாலும் தண்ணியில தடம் விழுமா?"

பல்லி ஈரத் தரையைக் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா! நீரோட்டத்துல மிதந்துல்ல போயிருக்கும்!"

துடைப்பான் போன வழியெல்லாம் தரையில் வளைந்த ஈரக் கோடுகள். அதன் மேலேயே நீலச் சாக்பீஸால் நீரோட்டம் வரைந்தாள். தாத்தா கூட்டி வைத்த குப்பையிலிருந்து முண்டும் முடிச்சுமான காய்ந்த மரத்துக் காய்களைப் பொறுக்கினாள். கோட்டின் மேல் வைத்ததும் அச்சு அசல் முதலை முதுகு! தாத்தா இருப்பதிலேயே பெரிய காயைத் தேடி நீட்டினார்.

பாதிக் கடல்தான் முடிந்தது. டீச்சர் வந்துவிட்டார்.

"தடமெல்லாம் எங்கே? யார் அழிச்சது?"

தாத்தா துடைப்பானை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பல்லி அவரைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். "கடல்ல தடம் விழாதே டீச்சர். அதான் மாத்திட்டேன். பாதிதான் முடிஞ்சுது."

நான்தான் என்று சொல்ல அது நல்ல நேரம். தாத்தா வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் குனிந்து காய்களைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல யோசனை. முழுசா முடிச்சிருக்கலாமே" என்றார். பரிசு ஏழாம் வகுப்பு எரிமலைக்குப் போனது.

சாயங்காலம் படத்தை அழிக்க வேண்டிய வேலையும் தாத்தா தலையில்தான் விழுந்தது. காலையில் சுளுவாய் ஓடிய துடைப்பான் இப்போது கனத்தது. காய்களைப் பொறுக்க வந்த பல்லியிடம், "டீச்சர்கிட்ட நான்தான்னு சொல்லியிருக்கணும்மா. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"விடுங்க தாத்தா. தடத்தைவிட இதுதான் நல்லா இருந்துச்சு. இப்பவாவது நம்புறீங்களா, முதலை கடலைத் தாண்டிச்சுன்னு?"

"படகு இல்லாமலா? போம்மா, போ!"

வாளியைத் தூக்கிக்கொண்டு தலையை ஆட்டியபடியே நடந்தார் தாத்தா. அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பெரிய காய் மட்டும் மூக்கை நீட்டி எட்டிப் பார்த்தது.