பொருந்துகிற பிள்ளைக்கு மட்டும்

மரம் ஏற்றும் லாரிகள் கைவிட்ட மண்சாலை எங்கே முடிகிறதோ, அங்கே எமெட் ஸ்ட்ராபின் வீடு இருந்தது. அக்டோபர் மாதம், மாலை ஐந்து மணி. பென்சில்வேனியாவின் வட மலைகளில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் கிளம்பத் தயாராகிவிடும். டாரல் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த மகள் ஜூனியின் தொப்பியைச் சரி செய்தான். அடுத்த வாரம் அவளுக்கு ஏழு வயது. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வழி முழுக்க அதை நாக்கால் தள்ளித் தள்ளி அப்பாவுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள்.

டாரலின் குடும்பத்தில் ஏழாவது பிறந்த நாளுக்கு ரைஃபிள் கொடுப்பது யாரும் கேள்வி கேட்காத வழக்கம். ஒரு சமயத்தில் ஒரே தோட்டா போட்டுச் சுடுகிற சின்ன ரைஃபிள். அணில் வேட்டைக்கு அது போதும். எதை வாங்குவது என்பதில்தான் மூன்று வாரமாக வீட்டில் ரகளை. மனைவி கார்லா, தோளில் பதிக்கும் கட்டை பிளாஸ்டிக்கில் செய்த இளஞ்சிவப்பு ரைஃபிள் ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருந்தாள். எடை குறைவு, பிள்ளைக்கும் பிடிக்கும் என்பது அவள் கட்சி. அவளுடைய அண்ணன் மெர்ல் அதைக் கேட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே விழுந்து விழுந்து சிரித்தான்.

"வாங்கிக் குடும்மா. சுடவே வேணாம். அதைப் பாத்த அணிலெல்லாம் சிரிச்சே மரத்துலேர்ந்து விழுந்துடும்."

"உன் துப்பாக்கியைப் பாத்து இதுவரைக்கும் ஒண்ணுகூட விழலையே. நீ சாப்பிடு."

டாரலுக்கு மரக்கட்டை வைத்ததுதான் வேண்டும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, பிடிவாதம் மட்டும் உண்டு. அப்போதுதான் தீவனக் கடையின் அறிவிப்புப் பலகையில் ஓர் அட்டையைப் பார்த்தான். நடுங்கிய எழுத்து. "சின்ன ரைஃபிள். வால்நட் கட்டை. பொருந்துகிற பிள்ளைக்கு மட்டும்."

கதவைத் திறந்த எமெட்டுக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. அவர் டாரலின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜூனியின் கைகளைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. பாப்பா வலது கையா, இடது கையா?"

"வலது கைதாங்க."

"நல்லது. ரொம்ப நல்லது."

சமையலறை வெளியைவிடக் குளிராக இருந்தது. பெரிய இரும்பு அடுப்பு இருந்தும் தீ மூட்டவில்லை. ஆளிவிதை எண்ணெய் வாசனையும், அப்போதுதான் அறுத்த மரத்தின் வாசனையும் அடித்தது. நடுங்குகிற அந்தக் கைகளால் ஒரு குச்சியைக்கூட அறுக்க முடியாதே என்று டாரலுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, அதற்குமேல் யோசிக்கவில்லை. மேசையில் ஒரு துண்டு விரித்து அதன்மேல் ரைஃபிள் கிடந்தது. அவன் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

எடுத்த கையோடு திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டான். குழல் கண்ணாடியாகப் பளபளத்தது.

"சுட்டதே இல்லையா இது?"

"சுடல," என்றார் எமெட். "அளந்து பாரு."

துப்பாக்கி பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க அங்கெல்லாம் ஒரே வழிதான். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை மேலே மடக்கினால், ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் பட வேண்டும். ஜூனி கையை மடக்கினாள். விரல் தடவித் தேடாமல் நேராக விசையில் போய் உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எமெட் கண்களை மூடிக்கொண்டார்.

"பொருந்துது," என்றார். டாரலிடம் சொன்னதாக இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் யாருக்கோ சொல்வதுபோல் இருந்தது.

பக்கத்து அறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பூனையாங்க?"

"பூனை இல்ல," என்றார் அவர். பிறகு காசும் வேண்டாம் என்று சொல்லி, அவர்களை அவசரமாக வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

வண்டி பாதித் தூரம் வந்தபின் ஜூனி கேட்டாள். "அப்பா, அந்தப் பொண்ணு ஏன் வெளிய வரல?"

"எந்தப் பொண்ணு?"

"கதவுக்குப் பின்னாடி நின்னாளே. நான் கையை மடக்குனப்ப அவளும் மடக்குனா."

பிறந்த நாளன்று கேக் வெட்டியதும் மெர்ல் ரைஃபிளை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். அடிப்பக்கத்தில் ரம்பம் போன தடமும் இரண்டு திருகாணித் துளைகளும் இருந்தன.

"கட்டையை அறுத்திருக்காங்களே. அறுத்த வில்லை எங்க?"

பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கும் எவனும் முதலில் கேட்கிற கேள்வி அது. பெரிய கட்டையைப் பிள்ளையின் அளவுக்கு வில்லை வில்லையாக அறுத்து, அறுத்ததைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கை வளர வளர, வருஷத்துக்கு ஒரு வில்லையாகத் திரும்ப வைத்துத் திருகிவிடுவார்கள். பிள்ளையோடு சேர்ந்து துப்பாக்கியும் வளரும். டாரல் ஆசையில் அதைக் கேட்கவே மறந்திருந்தான்.

"சட்டையை வாங்கிட்டு, கையைக் கடையிலேயே விட்டுட்டு வந்திருக்கான்டா!" மெர்ல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடுத்த வருஷம்தானே தேவை? பாத்துக்கலாம்," என்றான் டாரல்.

ரைஃபிளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி டாரலின் கழுத்தில் தொங்கியது. டிசம்பரில் ஜூனியின் அறையில் மரத்தூள் கிடந்தது. பழுப்பு நிறத்தில், மாவாக, கட்டிலின் காலடியில். கார்லா பெருக்கிக் கொட்டினாள். மறுநாளும் கிடந்தது. மாலை நாலு மணிக்குப் பள்ளிப் பேருந்து ஜூனியை இறக்கிவிட்டுப் போனபின், வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், எங்கிருந்தோ ஒரு சின்ன ரம்பத்தின் சத்தம் கேட்கும்.

கர்ர்... கர்ர்...

எலி என்று நினைத்துப் பொறி வைத்தார்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்லா, ஜூனியைக் குளிப்பாட்டிவிட்டு நகவெட்டியோடு சமையலறைக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"டாரல், நீ இவளுக்கு நகம் வெட்டினியா?"

"நான் எப்ப வெட்டியிருக்கேன்? நீதானே வெட்டுவ?"

"பிறந்த நாளுக்கு முந்தின நாள் வெட்டினேன். அதுக்கப்புறம் நான் வெட்டவே இல்ல."

ஆறு மாதம்.

ஜூனியின் நகங்கள் ஒட்ட வெட்டியபடியே இருந்தன.

அன்று முழுக்க இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நெற்றி முடி புருவத்தைத் தொடும் அதே இடத்தில் நின்றது. கதவு நிலையில் அக்டோபரில் கிழித்த பென்சில் கோட்டின்கீழ் அவளை நிறுத்தினால், தலை அதே கோட்டைத் தொட்டது. பல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, விழவில்லை. மறுநாள் டாக்டர் ரத்தம் எடுத்தார், எலும்பைப் படம் எடுத்தார், சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும் என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

"டெலாவுக்கும் பல்லு ஆடுதுப்பா," என்றாள் ஜூனி, வண்டியில் ஏறும்போது. "எனக்கு மாதிரியே. ரொம்ப வருஷமா ஆடுதாம்."

"யாரு கண்ணு டெலா?"

"துப்பாக்கிப் பொண்ணு."

டாரல் தச்சன் இல்லை என்றாலும் கைவேலை தெரிந்தவன். அடுத்த சனிக்கிழமை ஒரு வால்நட் பலகையிலிருந்து வில்லை அறுத்து, இழைத்து, துப்பாக்கியின் அடியில் வைத்துத் திருகினான். துப்பாக்கி வளர்ந்தால் பிள்ளையும் வளரும் என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அலமாரியைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

நல்ல பகல். ஜன்னலில் வெயில்.

கர்ர்... கர்ர்...

சத்தம் பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து வந்தது. சாவியைத் துளையில் போடுவதற்குள் மூன்று முறை தவறவிட்டான். கதவு திறந்ததும் சூடான மரத்தூள் அவன் காலில் கொட்டியது. புது வில்லை அறுபட்டுக் கீழே கிடந்தது.

பின்னால் ஜூனி நின்றாள். காலையில் மணிக்கட்டோடு நின்ற ஸ்வெட்டர் கை, இப்போது உள்ளங்கைக்கு இறங்கியிருந்தது.

"அப்பா, ஸ்வெட்டர் பெருசாயிடுச்சு."

கதவு நிலையில் நிறுத்திப் பார்த்தான். தலை, கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. அவனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பிள்ளை பயந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

எமெட் அவனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்போல், தீயில்லாத அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

"வில்லை எங்க?" என்றான் டாரல்.

"இதுல." அவர் அடுப்பைக் காட்டினார். "டெலா என் பொண்ணு. ஏழு வயசுக்கு வாங்கினேன். அவ கைக்கு மூணு வில்லை அறுத்தேன். பென்சில்ல எட்டு, ஒம்பது, பத்துன்னு எழுதி டப்பால வச்சேன். வேட்டை சீசனுக்கு ரெண்டு நாள் இருக்கு, காய்ச்சல்ல போயிட்டா. அடக்கம் பண்ணிட்டு வந்து அந்த மூணையும் இதுல போட்டேன். எட்டு... ஒம்பது... பத்து. ஒண்ணொண்ணா எரிஞ்சுது. அன்னிலேர்ந்து அவ இங்கதான் இருக்கா. அன்னிலேர்ந்து நான் இதுல தீ மூட்டல."

"துப்பாக்கியை உடைச்சுப் போட வேண்டியதுதானே?"

"உடைச்சேன். ஆத்துல போட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா மேசை மேல இருக்கும், ஈரத்தோட."

"தெரிஞ்சும் ஏன்யா எங்க தலைல கட்டினீங்க?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் சுருக்கங்களுக்குள் வழி தெரியாமல் தேங்கி நின்றது.

"நான் போயிட்டா அவ இந்த வீட்டுல தனியா இருப்பா, தம்பி."

டாரல் அடிக்கத்தான் கையை ஓங்கினான். அந்த இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்ற நினைப்பு வந்து தொலைத்தது. கை இறங்கிவிட்டது.

"அவளுக்கு என்னதான் வேணும்?"

"ஒரே ஒரு நாள் அணில் வேட்டைக்குப் போகணும்னு கேட்டா. காய்ச்சல்லயும் அதையேதான் கேட்டா."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு டாரலும் கார்லாவும் கோடையை ஓட்டினார்கள். அவள் கேட்ட நாளைக் கொடுத்துவிட்டால் போய்விடுவாள். போய்விடத்தானே வேண்டும்? வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பல் விழுந்து, கால்சட்டை குட்டையாகி, திமுதிமுவென்று வளர்ந்தார்கள். ஜூனி மட்டும் போன வருஷத்துச் செருப்பிலேயே தளர்வாக நடந்தாள்.

செப்டம்பரில் சீசன் தொடங்கிய காலை, கார்லா மூன்று சாண்ட்விச் கட்டினாள். வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறத் தொப்பியில் சின்ன அளவாக இரண்டு எடுத்து வைத்தாள்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ," என்றாள். "பத்திரமா."

ஹிக்கரி மரங்களுக்குக் கீழே, விழுந்து கிடந்த ஒரு அடிமரத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் இலைகளுக்குள் இறங்கிய நேரத்தில் சாம்பல் அணில் ஒன்று வந்து, இருபது அடியில் உட்கார்ந்து கொட்டையைக் கொறித்தது. அதைவிட நல்ல குறி கிடைக்காது. டாரல் ஒரு தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை மகளிடம் கொடுத்தான். ஜூனி குறி பார்த்தாள். விரல் தேடாமல் நேராக விசைக்குப் போனது.

சுடு கண்ணு. சுட்டுடு.

மரத்தூள் வாசனை அடித்தது.

ஜூனி இடப்பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். சரி என்று தலையாட்டினாள். துப்பாக்கியை இறக்கி அப்பாவிடம் நீட்டினாள்.

"டெலா இன்னிக்கு வேணாங்கிறாப்பா."

"ஏன்? ஏன் கண்ணு?"

"சுட்டா தீந்துபோயிடுமாம். அடுத்த வருஷம் வரலாமாம். அதுக்கடுத்த வருஷமும் வரலாமாம்." அவள் நாக்கால் பல்லைத் தள்ளினாள். "துப்பாக்கி எங்களுக்குப் பொருந்திக்கிட்டேதான் இருக்குமாம்."

அணில் கொட்டையை முடித்துவிட்டு மரத்தில் ஏறிப் போனது. டாரல் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். வேறு எதுவும் அவனுக்குச் செய்யத் தெரியவில்லை.

வண்டிக்கு வந்து ஜூனியைத் தூக்கி உட்கார வைத்தான். அவள் நடு இருக்கைக்கு நகர்ந்துகொண்டாள்.

"ஜன்னல் பக்கம் உக்காரும்மா."

"அது டெலாவோடது."

அவளுக்குப் பெல்ட் மாட்டிவிட்டு நிமிர்ந்தான். ஜன்னல் பக்கத்துப் பெல்ட் ஏற்கெனவே மாட்டியிருந்தது. காலி இருக்கைக்கு மேலே, ஒரு சின்னப் பிள்ளையின் இடுப்பளவு இடம் விட்டு, இறுக்கமாக.

விரல் எதுவும் நசுங்கிவிடாமல் பார்த்து, கதவை மெதுவாகச் சாத்தினான்.