ஏழாம் பெட்டின் பதில்

அக்டோபர் முதல் திங்களன்று சைமி தன் காபிக் கோப்பையையும் வீட்டுச் செருப்பையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு பழைய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள். மூன்றாம் வார்டின் கோடியில், முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறைதான் இனி அவளுக்கு ஆபீஸ். ஜன்னல் கிடையாது. பைன் சோப்பின் வாசம் சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியதற்கு இதுதானா மரியாதை என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை இறக்கினாள்.

நோயாளிகளிடம் கருத்துக் கேட்பது அவள் வேலை. மேலிடத்துப் புண்ணியவான்கள் அதற்கென்று ஒரு ஆப் செய்து அனுப்பியிருந்தார்கள். மொபைலில் மட்டும்தான் ஓடும். மூன்றாம் வார்டில் படுத்திருப்பவர்களோ எண்பதைத் தாண்டிய கிழங்கள். பாதிப் பேரிடம் பட்டன் போன், மீதிப் பேரிடம் அதுவும் இல்லை. ஆனால் நவம்பர் கடைசி வெள்ளிக்குள் அறுபது பதில் போய்ச் சேர வேண்டும், சராசரியும் நன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வார்டை மூடிவிட்டு, கிழங்களைத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். பதினாலு பேருக்கு வேலை போகும். அதில் சைமியும் ஒருத்தி.

வழி கண்டுபிடித்தவன் கம்ப்யூட்டர் பார்க்கிற யார்மோ. சைமியின் மேஜைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மொபைலை வரவழைத்துவிட்டான். திரையின் நடுவில் நிஜ மொபைல் மாதிரியே ஒரு சட்டம், அதற்குள் ஆப். மவுஸால் அழுத்தினால் விரலால் அழுத்தியதாக அது நம்பிக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து வரும் பதிலைத்தான் ஆப் ஏற்கும் என்பதால், பக்கத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து, மூன்றாம் வார்டின் மேல் ஒரு சிவப்புக் குண்டூசியைக் குத்தி வைத்தான்.

"இந்த போன் எங்க இருக்குன்னு நீ சொல்றியோ, அங்கதான் இருக்கு. குண்டூசி தானா நகராது," என்றான்.

அன்றிலிருந்து தினமும், இரண்டு மணிக் காபிக்கு முன்னால், சைமி காகிதச் சீட்டுகளோடு பெட் பெட்டாகப் போனாள். ஒவ்வொரு கேள்விக்கும் பச்சைச் சிரிப்பிலிருந்து சிவப்புச் சுளிப்புவரை ஐந்து முகங்கள். அவர்கள் பென்சிலால் வட்டம் போட்டுத் தருவதை அறைக்கு வந்து பெட் நம்பரோடு ஆப்பில் ஏற்றுவாள். எல்லாம் அதற்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். கடைசி வெள்ளியன்று மொத்தமாக அனுப்பினால் போதும். இந்த ஊர்க் கிழங்கள் வாய்விட்டுக் குறை சொல்லுமா? காலையே எடுத்தாலும் 'பரவாயில்ல' என்றுதான் சொல்லும். பச்சைக்குப் பஞ்சமே இல்லை.

ஏழாம் பெட் தாவெத்தி மட்டும் வேறு ரகம். ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிட்டுப் பிழைத்த மனுஷன், எண்பத்தாறு வயது. நாள் முழுக்க, பைன் மரத் தார் கலந்து செய்த மிட்டாயைச் சப்பிக்கொண்டிருப்பார். பக்கத்தில் போனாலே புகை படிந்த தார் வாசம் அடிக்கும். 'அழைத்ததும் ஆள் வந்தாரா?' என்ற கேள்வியில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் சிவப்பில் வட்டம் போட்டு, அடியில் நடுங்கும் எழுத்தில் எழுதியிருந்தார்: 'மணி அடிக்கிறேன். யாரும் வருவதில்லை.'

"பொண்ணு, இதை அப்படியே ஏத்து," என்றார் சீட்டைக் கொடுக்கும்போது.

சைமி ஏற்றினாள். பச்சையாக.

சராசரி இடிக்குமே என்ற பயம். மணி விஷயத்தைத் தலைமை நர்ஸ் ஓர்வொக்கியின் காதில் போட்டுவிட்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். காபி அறைக்குப் போனால் அங்கே யாருக்கோ பிறந்தநாள். ஏலக்காய் ரொட்டி சூடாக இருந்தது, பேச்சு எங்கெங்கோ போனது, சுத்தமாக மறந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் தாவெத்தி இறந்துகிடந்தார். மணியின் பொத்தான் அவர் கைக்குள்ளேயே இருந்தது. வயசாச்சு, இதயம் என்று எழுதி முடித்து, மெத்தையைச் சுருட்டி வைத்தார்கள். சைமி அந்தச் சீட்டை அடி இழுப்பறையில் போட்டாள். ஏன் கிழித்துப் போடவில்லை என்று அவளுக்கே தெரியாது.

நவம்பர் கடைசி வாரம். திங்களன்று காபிக்கு எழுந்தபோது ஆப்பில் ஐம்பத்தொன்பது பதில்கள் இருந்தன. நன்றாக நினைவிருக்கிறது, இன்னும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது அறுபது.

புதிதாக வந்தது ஏழாம் பெட்டின் பதில். எல்லாம் சிவப்பு.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். யாரோ விளையாடுகிறார்கள். யாரென்று யோசிக்கவே வேண்டாம், யார்மோவின் தங்கை பெரிய ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள். இங்கே மூடினால் அங்கே லாபம். பதிலை அழித்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனாள்.

செவ்வாயன்று அது மறுபடி வந்திருந்தது. குண்டூசியும் வார்டில் இல்லை. நிலவறையில், பிணங்களை வைக்கும் குளிரறையின் மேல் நின்றது.

யார்மோவைக் கூப்பிட்டு நேராகவே கேட்டுவிட்டாள். அவன் முகம் சிவந்துபோனது. தங்கையைப் பற்றிப் பேசாதே என்றான். பிறகு கீபோர்டில் எதையோ தட்டிவிட்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து நெட் கம்பியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தான்.

"இனி வெளியிலேர்ந்து எவனும் உள்ள வர முடியாது. இன்னொன்னும் பண்ணியிருக்கேன். யாரு அழுத்தினாலும் அழுத்துற இடத்துல ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். உக்காந்து பாரு. அப்புறம் யார் திருடன்னு சொல்லு."

புதன்கிழமை அவள் காபிக்குப் போகவில்லை. இந்த வடகோடி ஊரின் குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கே வெளியே வெளிச்சம் மங்கிவிட்டிருக்கும், இந்த அறைக்கு அதுவும் தெரியாது. தூரத்தில் காபி அறையில் கரண்டிகள் கிணுகிணுத்தன. யாரோ சிரித்தார்கள். அவள் மவுஸின் கம்பியையும் உருவிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பைன் சோப்பின் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் மெல்ல எழுந்தது.

தார்.

ஆப் தானாகத் திறந்தது.

வெள்ளைப் பொட்டு ஒன்று திரையின் ஓரத்தில் தோன்றியது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியாதவர் விரலால் தடவித் தேடுவதுபோல் ஊர்ந்து வந்து, ஏழு என்ற எண்ணைக் கண்டுபிடித்தது. முதல் கேள்வி வந்தது. அழைத்ததும் ஆள் வந்தாரா?

பொட்டு சிவப்பு முகத்தின் மேல் போய் நின்றது. அழுத்தியது. எடுக்கவேயில்லை.

சைமி வரைபடத்தைப் பார்த்தாள். குண்டூசி நிலவறையை விட்டு ஏறி வந்திருந்தது. மூன்றாம் வார்டின் நடைக்கூடத்தில் இருந்தது. அவளுடைய கோடி அறையின் வாசலில்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளால் முடியவில்லை.

வியாழனன்று சீட்டை எடுத்துக்கொண்டு ஓர்வொக்கியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பொட்டு, குண்டூசி, தார் வாசம் எதையும் ஓர்வொக்கி காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. சீட்டை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"மணி சரியில்லன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மூணு மாசமா ஆள் அனுப்புங்கன்னு எழுதிட்டிருக்கேன். யாரு கேக்கறா?" என்றாள் தணிந்த குரலில். "இது வெளிய போச்சுன்னா நாளைக்கே விசாரணை, நாளைக்கே பூட்டு. போனவரு போயிட்டாரு. உள்ள பதினெட்டு கிழம் கிடக்குடி. அதுங்க எங்க போகும்?"

"அப்ப அந்தப் பதிலை அழிச்சிடட்டுமா?"

"அழிக்காத. அறுபது வேணுமே. பச்சையா மாத்து."

ஓர்வொக்கி சீட்டை நாலாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மணியைச் சரிபண்ண ஆள் வரவழைக்கிறேன், முதலில் இந்த வெள்ளி போகட்டும் என்றாள். ஓர்வொக்கிதான் இவ்வளவும் செய்திருப்பாளோ, தன்னைச் சோதிக்கிறாளோ என்று ஒரு நொடி சைமிக்குச் சந்தேகம் வந்தது. அப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் மவுஸையும் நெட் கம்பியையும் திரும்பச் செருகினாள். ஏழாம் பெட்டைத் திறந்தாள். பச்சை முகத்தை அழுத்தினாள்.

பச்சை சிவப்பானது.

மறுபடி அழுத்தினாள். அவள் மவுஸுக்குப் பக்கத்தில் அந்த இன்னொரு பொட்டு நடுங்கியபடி நின்றது. அவசரமே இல்லாமல் சிவப்பை அழுத்தியது. அவள் பச்சை, அது சிவப்பு. அவள் உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் குளிர்ந்தது, வாய்க்குள்ளேயே தார் கசந்தது. அழுதுகொண்டே அழுத்தினாள்.

"விட்டுடுங்க தாத்தா. பதினெட்டுப் பேர் இருக்காங்க. தயவுசெஞ்சு விட்டுடுங்க."

பொட்டு நின்றுவிட்டது.

கேட்டுக்கொண்டிருப்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மறைந்தது. முகம் பச்சையிலேயே நின்றது. சைமி அனுப்பு என்பதை அழுத்தினாள். அறுபதும் போய்ச் சேர்ந்தன.

மாலை நான்கு மணிக்கு வார்டு தப்பியது என்று தகவல் வந்தது. ஓர்வொக்கி கேக் வெட்டினாள். யார்மோகூட வந்து, சைமியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனான். மணியைச் சரிபண்ண ஆள் எப்போது வருவான் என்று சைமி கேட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள் ஓர்வொக்கி, வாயில் கிரீமோடு.

வீட்டுக்குக் கிளம்புமுன் கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள் வரைபடத்தைப் பார்த்துவிட்டாள். குண்டூசி அறையில் இல்லை, வார்டில் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே இல்லை. தாவெத்தியைப் புதைத்த சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் என்று தேடினாள். அதையும் தாண்டிப் போயிருந்தது. ஏரிக்கரைச் சாலையில் மூன்றாவது வளைவில், ஒரு வீட்டின் மேல் நின்றது. அந்த வீடு யாருடையது என்று அவளுக்கு வரைபடம் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு சைமி தன் தங்கை வீட்டில் தங்கினாள். மறுநாள் மதியம், பகலில் என்ன வந்துவிடப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் புதுப் பனி, ஒரு காலடியும் இல்லை. உள்ளே எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. அசட்டுத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். மணி இரண்டு.

உள்ளறையில் மணி அடித்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. வார்டின் அழைப்பு மணி.

அந்த வீட்டில் மணியே கிடையாது.

நின்றது. மறுபடி அடித்தது.

மேஜைமேல் கிடந்த அவள் மொபைலின் திரை ஒளிர்ந்தது. அந்த ஆப்பை அவள் தன் மொபைலில் போட்டதே இல்லை. முதல் கேள்வி தெரிந்தது. அழைத்ததும் ஆள் வந்தாரா?

"வர்றேன்," என்றாள் சைமி. ஆனால் கால்கள் நகரவில்லை.

ஐந்து முகங்களுக்கும் மேலே வெள்ளைப் பொட்டு நடுங்கிக்கொண்டு காத்திருந்தது, எதையும் இன்னும் அழுத்தாமல்.