எயினன் யார் பக்கம்

எயினன் யாருடைய ஆள் என்பதில் திருநெல்வேலியே இரண்டுபட்டுக் கிடந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் காபியை ஒரு வாய் குடித்ததும், "நீங்க மலைநாடா, கழிநாடா?" என்று கேட்டார்கள். பதில் ஒத்துவராவிட்டால் ஜாதகமும் ஒத்துவராமல் போயிற்று. இத்தனைக்கும் எயினன் உயிருள்ள மனிதன் இல்லை. 'இருகரை' என்கிற மாயக்கதைத் தொடரில் வரும் ஒற்றன். யாளிமேல் பறக்கும் மலைநாட்டு அரசி அவனைத் தன் ஒற்றன் என்று நம்பினாள். அலையைக் கட்டி நிறுத்தும் கழிநாட்டு அரசனும் அப்படியே நம்பினான். எயினன் இருவர் வீட்டிலும் சோறு தின்றான். இருவருக்கும் செய்தி சுமந்தான்.

எழுதியவளைக் கேட்டால் தெரிந்துவிடாதா என்றால், எழுதியவளுக்கும் தெரியாது. அகவார்ப்பு வந்தபின் பாத்திரங்களின் மனதை யாரும் கற்பனை செய்வதில்லை. எழுதுகிறவர் சில மாதங்கள் தலையில் மெல்லிய வார்ப்புவலையை அணிந்துகொண்டு தன் பாட்டுக்குச் சமைப்பார், சண்டை போடுவார், பொய் சொல்வார். அவர் எதை நினைக்கிறார் என்பதை வலை எடுத்துக்கொள்வதில்லை. எப்படி நினைக்கிறார் என்பதை மட்டும் அச்செடுக்கும். அந்த அச்சுக்கு வேறொரு பெயரும் பிறப்பும் கொடுத்துக் கதைநாட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். அப்புறம் அது தன் இஷ்டத்துக்கு நடக்கும். எழுத்தாளர் கூடவே போய்ப் பார்த்து எழுத வேண்டியதுதான்.

எயினன், தொடரை எழுதிய குழல்வாய்மொழியின் அச்சு. அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் தொடர் முடியும் தறுவாயில் அவள் தூக்கம் கெட்டது.

முடிவில் அகத்திறப்பு நடத்துவது வழக்கம். பாத்திரத்தின் மனதைப் பற்றுமானியில் வைத்து, அது எதன்மேல் பற்றுக்கொண்டிருக்கிறது என்று அரங்கில் எல்லார் முன்னும் அளந்து காட்டுவார்கள். உயிருள்ள மனதை அப்படி அளக்க முடியாது, அது கணத்துக்கொரு பக்கம் ஓடும். அச்சு ஓடாது.

"உங்க சம்மதம் இல்லாம திறக்க மாட்டோம், மேடம்," என்றார் பதிப்பகத்து பிரிட்டோ. "ஆனா ஒண்ணு. நீங்க மாட்டேன்னா ரெண்டு நாட்டுக்காரனும் சேந்து என் ஆபீஸைக் கொளுத்திருவான்."

அவளுக்குப் பயம் வாசகர்களிடம் இல்லை. இரண்டு அக்காக்களிடம்தான்.

பெரியவள் உலகம்மை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேட்டையில் இருந்தாள். நடுவுள்ளவள் கோமதி இந்தப் பக்கம் பாளையில். உலகம்மை தன் மகளின் வளைகாப்பில், கூடப் பிறந்தவள் நிற்கும்போதே நாத்தனாரைக் கூப்பிட்டு முதல் வளையலைப் போடச் சொன்னாள். கோமதி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அன்று வயிற்றிலிருந்த பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அக்காக்கள் பேசிக்கொள்ளவில்லை. இளையவள் குழல்வாய்மொழி, வீட்டாருக்கு மொழி, மட்டும் பாலத்தின்மேல் போவதும் வருவதுமாக இருந்தாள்.

"ஏட்டி, அவ எப்படி இருக்கா?" என்று உலகம்மை ஒருநாளும் கேட்டதில்லை. "அந்த மூதி இன்னும் அப்படியேதான் இருக்காளா?" என்றுதான் கேட்பாள். அன்றும் அப்படித்தான் கேட்டாள். மொழி சிரித்துக்கொண்டே, "அவ மாறுவாளாக்கா?" என்றாள்.

"அதான! நீ ஒருத்தியாவது என் பக்கம் இருக்கியே." உலகம்மை இன்னொரு கரண்டி சொதியை ஊற்றினாள். "எயினனும் அப்படித்தாம்ட்டி. கழிநாட்டுல போய்ப் பல்லைக் காட்டுவான். மனசெல்லாம் மலைநாடு. தொறந்து காட்டிரு. சனங்க பாக்கட்டும்."

மறுநாள் கோமதி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே அதே கதையை மறுபக்கம் திருப்பிச் சொன்னாள். "எயினன் கழிநாட்டு ஆளுட்டி. எனக்குத் தெரியாதா? மலைநாட்டுக்காரிக்குக் கல்லு மனசு. அன்னைக்கு ஆபரேசனுக்கு முன்னாடி நாஞ் சொல்லி விட்டும், ஒரு எட்டு வந்து பாத்தாளா உங்க பெரியக்கா?"

"அவ கெடக்கா, விடுக்கா," என்றாள் மொழி.

"பயப்படாம தொறந்து காட்டு."

வளைகாப்புக்குப் பின் இரண்டு அக்காக்களும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவள் பிரிட்டோவுக்குச் சம்மதம் சொன்னாள்.

அதற்கு முந்தைய இரவுகளில் அவள் தனக்குள்ளேயே தேடிப் பார்த்திருந்தாள். யாரை அதிகம் பிடிக்கும்? எடுத்து வளர்த்தவள் உலகம்மை. ஒரே போர்வைக்குள் படுத்துக் கதை பேசியவள் கோமதி. தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் தேடுகிறவளே ஒற்றனாக இருந்தால், கொண்டுவரும் செய்தியை எப்படி நம்புவது?

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. அரங்கின் ஒரு பாதியில் மலைநாட்டு வெண்கொடி, மறுபாதியில் கழிநாட்டு நீலக்கொடி. பற்றுமானி வேலை செய்யும் விதம் எளிது. மனதின் முன் ஒவ்வொன்றாக இல்லாமலாக்கிக் காட்டுவார்கள். எதை இழக்கும்போது மனம் பதறுகிறதோ அதன்மேல்தான் பற்று. பதற்றத்தை முள் காட்டும்.

முதலில் மலைநாடு எரிந்தது. யாளிகள் விழுந்தன. முள் பாதி தூரம் ஏறி இறங்கியது. அடுத்து கழிநாடு நீரில் மூழ்கியது. முள் அதே பாதிக்கு ஏறி இறங்கியது. மயிரிழை வித்தியாசமில்லை.

அரங்கில் யாரோ கைதட்ட, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "ரெண்டு பேர் மேலயும் உசிரா இருந்திருக்காண்டா!" என்று ஒருவன் அழுதேவிட்டான். மொழி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். இரண்டு வீட்டுக்கும் இனிமேல் நிமிர்ந்து போகலாம்.

"கடைசியா ஒரு சரிபார்ப்பு," என்றார் பிரிட்டோ. "எதையும் இழக்காத காட்சியைக் காட்டுவோம். முள் அசையாம நின்னா கருவி சரியா இருக்குன்னு அர்த்தம்."

திரையில் போர் முடிந்திருந்தது. அரசியும் அரசனும் ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவள் சொன்னதற்கு அவன் சிரித்தான். எயினனுக்கும் இலை போட்டு எல்லாம் பரிமாறியிருந்தது. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முள் ஏறியது. பாதியைத் தாண்டி, விளிம்பில் போய் முட்டி, அங்கேயே நின்று நடுங்கியது.

"கருவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே பிரிட்டோ அதைத் திரும்ப ஓட்டினார். முள் திரும்பவும் முட்டியது. கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்போ இவனுக்கு மலையும் வேண்டாம், கழியும் வேண்டாம்," என்றார் பிரிட்டோ மெல்ல. "சண்டைதான் வேணும். அஞ்சாம் தொகுதியில அரசன் சமாதானம் சொல்லி அனுப்பினானே. அதை இவன் அரசிகிட்ட சொல்லாம விட்டது ஏன்னு நாமெல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். இப்பல்ல தெரியுது!"

அந்த இடத்தை எழுதும்போது மொழிக்கும் காரணம் புரிந்ததில்லை. எழுதி ஓர் ஆண்டு கழித்துக் கோமதிக்கு ஆபரேஷன் நடந்தது. உள்ளே கொண்டுபோகும் முன் அவள் மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவை ஒரு எட்டு வரச் சொல்லுட்டி," என்றாள். மொழி பேட்டைக்குப் போனாள். சாப்பிட்டாள். ஊர்க்கதை பேசினாள். கிளம்பி வந்துவிட்டாள். உலகம்மை மறுத்துவிட்டால் கோமதி தாங்கமாட்டாள் என்று பாலத்தின்மேல் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கோமதியிடம், "சொன்னேன்க்கா. அவ வாயே திறக்கலை," என்றாள். அதைப் பரிவு என்றே இந்நாள்வரை நம்பியிருந்தாள்.

நிகழ்ச்சி நேரலையாக எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அரங்கின் பின்கதவுக்கு ஓடி உலகம்மையை அழைத்தாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது கைபேசி. கோமதியை அழைத்தாள். அவளும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தாள். மறுபடியும் பெரியவளை, மறுபடியும் நடுவுள்ளவளை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று புரிந்தபோது அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் சுவரைவிட்டு இறங்கியபின் உலகம்மை தானே அழைத்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"கோமதி சொன்னாட்டி. ஆசுபத்திரியில இருந்து எனக்குச் சொல்லி விட்டாளாமே." உலகம்மை மூக்கை உறிஞ்சினாள். "சரி, அதை அப்புறம் பேசுவோம். இப்ப அவ இங்க வந்துக்கிட்டிருக்கா. என்னத்தட்டி பேச அவகிட்ட? நெஞ்செல்லாம் படபடங்கு."

 மொழி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வருஷக்கணக்காகப் பழகிய குரல், இதமாக, அக்கறையாக, தானே முந்திக்கொண்டு வந்தது.

"பாத்துப் பேசுக்கா. நீ வளைகாப்புக் கதையை எடுக்காத. அவ மனசுல அதை இன்னும் வச்சிருக்கா."

 மறுமுனையில், பின்னால் கேட் திறக்கும் சத்தமும் கோமதியின், "யக்கா!" என்ற குரலும் கேட்டன.

"இப்பவுமாட்டி?" என்றாள் உலகம்மை.