வளையத்தின் நடுவே

வட்டத்தின் நடுவே ஒரு நிழல் கிடந்தது. அங்கே நிழல் விழ வழியே இல்லை.

அறுபது விளக்குகளைத் தலை உயரத்தில் ஒரே வளையமாகத் தொங்கவிட்டு, எல்லாவற்றின் முகத்தையும் உள்பக்கமாகத் திருப்பி, மூன்று நாளாக ஒயர் இழுத்தவளே அவள்தான். ஒரு விளக்கு போடும் நிழலை எதிர்விளக்கு தின்றுவிடும். நடுவில் நிற்கிறவருக்கு நிழலே இராது. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, உள்ளே போகிறவர் தன்னை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இந்தக் கண்காட்சியை அமைத்த கலைஞரம்மா விளக்கினார். தத்துவத்துக்கு அவள் பேரம் பேசவில்லை. ஒயருக்கு மட்டும் பேசினாள்.

ஆறு மணிக்குத் திறப்பு. இப்போது ஐந்து. ஜன்னல்களை மூடிய கறுப்புத் துணிக்குள் புதுப் பெயின்ட் வாடையும் சூடேறிய ஒயரின் வாடையும் தேங்கி நிற்க, முதல்முறையாக ஏற்றப்பட்ட அறுபது விளக்குகளும் வண்டுக்கூட்டம் போல ரீங்கரித்தன. எல்லாம் எரிந்தன. ஒரு நாற்காலியை வளையத்துக்குள் தள்ளிப் பார்த்தாள். நாற்காலிக்கு நிழல் இல்லை. அதன் அருகே, தலையும் தோளும் காலுமாக, அந்த நிழல் மட்டும் கிடந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். தாய் போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்த ஒரே தம்பி. வழக்கம்போலக் காதில் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைச் செருகிக்கொண்டு வந்தான்.

"என்ன மொதலாளியம்மா, நிழலையும் சேர்த்தா குடுக்கறோம்? அதுக்குத் தனி ரேட்டாச்சே!"

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா."

"மெயினை ஆஃப் பண்ணட்டா?"

"திரும்பப் போட்டு செட் பண்ண நேரமில்ல. நீ நடுவுல போய் நில்லு. எந்த விளக்குன்னு நான் பாக்கறேன்."

குனிந்து நுழைந்தான். நிழலின் மேல் நின்றான்.

ரீங்காரம் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். மறுபடி தொடங்கியபோது தரை வெறுமையாக இருந்தது.

"அப்பாடா! போயிடுச்சுடா," என்றாள். அவன் வளையத்தைத் தாண்டி, அவளைத் தாண்டி, வாசலுக்குப் போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

முற்றத்தில் சாய்ந்த வெயில். ஏணியின் நிழல். அவளுடைய நிழல். அதற்குப் பக்கத்தில், அவன் காலடியில், வெறும் சிமென்ட் தரை.

அவன் காதில் டெஸ்டர் இல்லை.

"வெயில்," என்றான், முகத்தை நிமிர்த்தி. "பார்த்து எவ்வளவு காலமாச்சுங்க."

பிறந்ததிலிருந்து அவன் அவளை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

உள்ளே ஓடினாள். வளையத்தின் நடுவே நிழல் கிடந்தது. மெலிந்த நிழல். அதன் கை காதுக்குப் போனது. மெல்லிய குச்சி ஒன்றை உருவியது. ஒளியின் விளிம்பை உள்ளிருந்து தட்டியது.

டக். டக்.

விளக்குகள் எரிகிறவரைக்கும்தான் அந்த நிழலும், அதற்குள் தம்பியும். அணைந்தால் நிழல் ஏது?

முதுகுக்குப் பின்னால் மெயின் பெட்டியின் கதவு கிறீச்சிட்டது.

"ஆஃப் பண்ணட்டாங்க?"

தரையில் கிடந்த நிழலின் தலை இடதும் வலதும் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது.