இடப்பக்க மட்காட்

மாரி பிடிக்கத் தொடங்கிய ஒரு பின்னேரம், விசுவமடுவிலிருந்து அந்தப் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் லொறியில் ஏறி, பரந்தனில் இருந்த பிரியந்தினியின் கராச்சுக்கு வந்து சேர்ந்தது. முன்மூடி இல்லை. எஞ்சின் திறந்த வயிறுபோலக் கிடந்தது.

"பொனெற் எங்க ஐயா?"

"சண்டைக் காலத்தில கழட்டினது," என்றார் சொந்தக்காரர் செல்வநாயகம். "அதை விடு பிள்ளை. காபரேற்றரைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, புதுக் கார்களுக்கு இருக்கிற மாதிரி ஊசி பூட்டு. கொம்பியூட்டரே எண்ணெயை அளந்து குடுக்கவேணும். மனிசற்ற கை படக்கூடாது."

அந்தப் பக்கத்தில் எவரும் செய்து பார்க்காத வேலை. அதனால்தான் அவள் ஒப்புக்கொண்டாள். கணவன் கிருசாந்தனோடு ஒரு பேச்சும் இருந்தது. பொங்கலுக்கு முன் இந்தக் கார் ஓடாவிட்டால் கராச்சை மூடிவிட்டு, வவுனியாவில் அவன் தமையனின் உதிரிப்பாகக் கடையில் அவள் காசுமேசைக்குப் போகவேண்டும்.

எரிபொருள் ஊசிகள், தாங்கிக்குள் மின்பம்ப், புகைக்குழாயில் உணரி, எல்லாவற்றையும் ஆளும் சின்னக் கணினி. பூட்டியதில் பிழை இல்லை. பிழை இல்லாததுதான் அவளை வதைத்தது. எஞ்சின் கறுப்புப் புகை கக்கி, இருமி, நின்றது. எண்ணெய் கூடுதல் என்றது கணினித் திரை. குறைத்தாள். பிறகும் கூடுதல் என்றது. இன்னும் குறைத்தாள். பிளக்குகளைக் கழற்றினால் நனைந்த கரி.

முகர்ந்து பார்த்தாள். மண்ணெண்ணெய்.

தாங்கியில் பெற்றோல்தான் இருந்தது. கழுவி வேறு பெற்றோல் விட்டாள். மறுநாளும் அதே மணம்.

"கொம்பியூட்டர் என்னவாம்? காய்ச்சலாமோ?" கிருசாந்தன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"பகிடியை விடுங்கோப்பா."

"நான் ஒண்டும் சொல்லேல்ல. அண்ணர் காசுமேசைக்குக் கதிரை வாங்கிப்போட்டாராம், சில்லு வைச்சது. அதுதான் சொல்லவந்தனான்."

அவன் போன பிறகும் கோபம் போகவில்லை. எஞ்சின்மேலா அவன்மேலா என்று பிரித்துப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அவள் கட்டிய பின்னலைத் தாய் அவிழ்த்துக் கட்டுவாள். அவள் உப்புப் போட்ட கறிக்கு மாமி திரும்ப உப்புப் போடுவாள். இப்போதும் தன் அளவின்மேல் யாரோ இன்னொரு அளவு ஊற்றுவதுபோலவே இருந்தது. ஒரே குழந்தைக்கு இரண்டு பேர் மாறிமாறி ஊட்டினால் அது கக்கத்தானே செய்யும்.

அந்த எண்ணம் வந்தபோது அவள் திரும்பி எஞ்சினைப் பார்த்தாள்.

மழை இறுகி, மத்தியானமே கராச் இருட்டியது. எண்ணெயில் நனைந்துபோன எஞ்சினைக் காயவைக்க ஊசிகளின் வயர்களையெல்லாம் கழற்றினாள். பம்பையும் நிறுத்தினாள். ஒரு சொட்டு எண்ணெய் போக வழி இல்லை. உள்ளே கிடப்பது வெளியேறட்டும் என்று சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் பிடித்தது.

இருமல் இல்லை. புகை இல்லை. பூனை உறங்குவதுபோல மெல்லிய, சீரான ஓட்டம்.

திரையைப் பார்த்தாள். ஊசிகள் கொடுக்கும் எண்ணெய்: பூச்சியம். கலவை: சரி.

முதன்முறையாகச் சரி.

மண்ணெண்ணெய் மணம் மூக்கை அடைத்தது. காற்று உறிஞ்சும் வாய்க்குள் ஏதோ விட்டுவிட்டுச் சிந்தும் சத்தம். பிறகு காரின் இடப்பக்க முன்மூலை, சில்லை மூடும் மட்காட் இருந்த இடம், அடியிலுள்ள வில்லுச் சுருள் கிறீச்சிட, மெல்லப் பதிந்தது.

ஆள் ஒருவர் ஏறிக் குந்தினால் பதிகிற அளவு.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு கூரைத் தாழ்வாரத்துக்கு ஓடினாள். செல்வநாயகத்துக்குத் தொலைபேசி எடுத்து, "ஐயா, உங்கட கார்..." என்று தொடங்கினாள். அவர் முடிக்க விடவில்லை.

"இடப்பக்கம் பதிஞ்சுதோ?" என்றார் அவர்.

"ஐயா, ஆர் அது?"

"என்ர தம்பி. பரமலிங்கம்." மழைக்குள் அவர் குரல் தாழ்ந்து வந்தது. "பெற்றோல் இல்லாத காலம். பம்பும் பழுது. பொனெற்றைக் கழட்டிப்போட்டு, அவன் மட்காட்டில குந்தியிருந்து, பிள்ளையளின்ர சூப்பிப் போத்தலால காபரேற்றருக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்திக்கொண்டே வருவான். அவன் ஊத்தினாத்தான் கார் ஓடும். கடைசி முறை காயப்பட்ட சனத்தை ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டம். லைற் போடேலாது, கும்மிருட்டு. விடியப் பாத்தா மட்காட்டில ஆள் இல்லை."

"கார்?"

"கார் நிக்கேல்ல, பிள்ளை. வழியில ஒருக்காலும் நிக்கேல்ல."

அவள் உள்ளே நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊசி பூட்டினா அவனுக்கு வேலை முடிஞ்சிடும், இறங்குவான் எண்டு நினைச்சன்," என்றார் அவர்.

திரும்பி உள்ளே வந்தாள். கார் இன்னும் சாய்ந்தபடிதான் நின்றது. அப்படியே காரைத் திருப்பிக் கொடுத்தாலும் அது ஓடும்; கராச் மிஞ்சும்; கிருசாந்தனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அது அவள் வேலையாக இராது. பயத்தைவிட எரிச்சல் பெரிதாக எழுந்தது. வயர்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, பம்பையும் இயக்கினாள்.

"அண்ணை," என்றாள் கிசுகிசுப்பாக. "இறங்குங்கோ. இனி நான் பாக்கிறன்."

நெடுநேரம் மழைச் சத்தம்தான். பிறகு வில்லு ஒருமுறை முனகி நிமிர்ந்தது.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஓடியது. அவள் அளந்து கொடுத்த பெற்றோலில், சுத்தமாக, அவளுடையதாக.

பின்னேரம் மழை விட்டபிறகு கிருசாந்தன் வந்து காரை ஏ-ஒன்பது வீதியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். இறங்கும்போது அவளை நேரே பார்க்கவில்லை. "கதிரை வேண்டாமெண்டு அண்ணருக்குச் சொல்லிவிடுறன்," என்றான். அவளுக்கு அது போதும். அவன் மோட்டார் சைக்கிளில் தனியே முன்னே போக, அவள் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள்.

வீட்டு முற்றத்தில் அவன் மோட்டார் சைக்கிளின் தாங்கியைத் திறந்து, குலுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"புதினம் ஒண்டு. உள்ளுக்குச் சொட்டுப் பெற்றோல் இல்லை. கராச்சால வெளிக்கிடேக்கையே முடிஞ்சிருக்கவேணும். எப்பிடி வீடுவரைக்கும் ஓடினதெண்டு தெரியேல்ல." சேட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "இதையும் ஊறப்போடும். தோள் ஏதோ ஈரமாக் கிடக்கு."

வாங்கி விரித்தாள். பின்னால் குந்தியிருந்து வருகிறவர் தோளைப் பிடிக்கிற இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது.

முகர்ந்து பார்க்கவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.