பட்டியலில் விடுபட்ட பள்ளிக்கூடம்

நாத்தனார் அந்தச் சீருடையை மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்ததும் அவள் அண்ணியான தலைமையாசிரியை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

மூன்று வருடமாகப் பள்ளி திறக்கிற மாதம் வந்தால் நாத்தனார் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு சீருடை தைப்பாள். போன வருடத்தைவிட ஓர் அளவு பெரியதாக. பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவாள். அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய அவள் மகள் சிட்டு எட்டு வயதோடு நின்றுவிட்டாள். சீருடை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கும்மா?" என்றார் அண்ணன்.

"கூட்டத்துல காட்டத்தான். பள்ளிக்கூடத்தை மூடலாமா வேணாமான்னு கேக்குறாங்கல்ல? மூடுங்கன்னு சொல்ல என்னைவிட யாருக்கு உரிமை இருக்கு?"

அண்ணி ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தாள். அவள் பக்கம் நாத்தனார் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்கு வந்தவள் நாத்தனார். பிள்ளையில்லாத அண்ணிதான் சிட்டுவைத் தோளில் போட்டு வளர்த்தாள். ஐந்து வயதில் தனியார் பள்ளியில் சேர்க்கலாம் என்று தாய் ஆசைப்பட்டபோது, அண்ணி சிரித்துக்கொண்டே மறுத்தாள். நம்ம வீட்டுப் பிள்ளையையே அரசாங்கப் பள்ளியில் சேர்க்காவிட்டால், ஊரார் பிள்ளைகளை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று கேட்டாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவளைத் தூங்க விடுவதில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மூன்றாம் வகுப்பின் மேற்கூரை பெயர்ந்து விழுந்தது. மற்ற பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். சிட்டுவை அண்ணிதான் வெறுங்கையால் காரையைத் தோண்டி எடுத்தாள். அன்று பிய்ந்த இரண்டு நகங்கள் பிறகு சரியாக முளைக்கவேயில்லை. இப்போதும் வருகைப் பதிவேட்டில் பதினேழுக்கு அடுத்து அவள் குரல் ஒரு நொடி நின்றுதான் பத்தொன்பதுக்குப் போகும். சிட்டுவின் எண்ணான பதினெட்டை வேறு எந்தப் பிள்ளைக்கும் அவள் கொடுக்கவில்லை.

கட்டடம் இடியும் நிலையில் இருப்பதைத் தலைமையாசிரியை மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த உண்மை ஒன்று இருந்தது. அதை விழுங்கிக்கொண்டுதான் மூன்று வருடமும் அந்த வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், நாத்தனாரின் வெறுப்புக்கு நடுவே நடமாடினாள்.

கூட்டம் பள்ளி முற்றத்தில், பெஞ்சுகளைப் போட்டு நடந்தது. வந்திருந்த கல்வி அதிகாரி சுற்றி வளைக்காமல் பேசினார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கட்டடம் பழையது, நிதி இல்லை. பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் பாதிக் கட்டணத்தை அரசாங்கமே கட்டும். இரண்டு வருடம் கழித்து அதையும் நிறுத்திவிட்டால் யார் கட்டுவது என்று ஒரு பஸ் டிரைவர் கேட்டார். பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வேலையை அரசாங்கம் கை கழுவினால் அப்புறம் வரி எதற்கு என்றார். காய்கறிக் கடைக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கூரையைக்கூடச் சரிசெய்யாத அரசாங்கத்தை நம்பிப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அவள் கேட்டதும் பலர் தலையாட்டினார்கள்.

அப்போது நாத்தனார் எழுந்தாள். சீருடையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள்.

"இப்ப இருந்திருந்தா என் பொண்ணுக்கு இதுதான் அளவு. அண்ணி இருக்காங்கன்னு நம்பித்தான் இங்க விட்டேன்... இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். முறையாக ஒரு கடிதம் வந்திருந்தால் இலாகா சும்மா இருந்திருக்காது, கோப்பில் அப்படி எதுவும் இல்லை என்றார். எல்லாருடைய கண்ணும் தலைமையாசிரியை மேல் திரும்பியது. அவள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின்வரிசையிலிருந்து அவள் கணவர் எழுந்தார். கல்வி அலுவலகக் கட்டடப் பிரிவின் இன்ஜினியர் அவர்.

"கடிதம் வந்துச்சு சார். ஒண்ணு இல்ல, மூணு. வாங்கினவன் நான்தான்" என்றார். "பதினோரு பள்ளிக்கூடம் கேட்டுச்சு, நாலுக்குத்தான் பணம் வந்துச்சு. இதுதான் எல்லாத்தையும்விட மோசமா இருந்துச்சு. முதல்ல செஞ்சிருக்கணும். பொண்டாட்டி பள்ளிக்கூடத்துக்குச் செஞ்சுக்கிட்டான்னு பேசுவாங்களேன்னு நானே பட்டியல்லேருந்து எடுத்தேன். விசாரணை வந்தப்ப கடிதங்களைக் கோப்புலேருந்து உருவினதும் நான்தான்."

முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

பின்னால் அவருக்கு வேலை போனது. மூடும் யோசனையைக் கைவிட்டுப் புதுக் கூரைக்குப் பணமும் ஒதுக்கினார்கள். ஆனால் அன்று, கூட்டத்தை ஒத்திவைத்து எல்லாரும் கலைந்த பிறகு, முற்றத்தில் இரண்டு பெண்கள்தான் எஞ்சியிருந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் நாத்தனார்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"சிட்டுவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டார்."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல? மூணு வருஷம் உங்களைக் கரிச்சுக் கொட்டியிருக்கேனே..."

"நான் வெளியிலேருந்து வந்தவ. என்னை வெறுத்துக்கிட்டே நீ இந்த வீட்ல இருந்துடலாம். கூடப் பொறந்தவரை வெறுத்தா நீ எங்கம்மா போவ?"

நாத்தனார் அந்த மூன்றாம் வகுப்பு அறையைத் திறக்கச் சொன்னாள். மூன்று வருடமாகப் பூட்டியிருந்த கதவு, பலமாக இழுத்தபின்தான் வழிவிட்டது. கிழிந்த தார்ப்பாய் வழியாக வெயில் விழுந்து, பெஞ்சுகள் மேல் படிந்த தூசியைக் காட்டியது. சிட்டுவின் இடம் எது என்று கேட்டாள். அண்ணி ஜன்னலோரப் பெஞ்சைக் காட்டினாள். நாத்தனார் அதில் போய் உட்கார்ந்து பலகையை உள்ளங்கையால் தடவினாள். இத்தனை நாளும் யாரிடமும் கேட்கத் துணியாததை அங்கேதான் கேட்டாள்.

"பயந்தாளா அண்ணி?"

"இல்லம்மா. நீ நெனச்சுக்கிட்டிருக்கிற மாதிரி இல்ல. கழித்தல் கணக்கு சரியா வந்துடுச்சுன்னு சிலேட்டைத் தூக்கி எனக்குக் காட்டினா. நான் வாசல்லேருந்து பாத்துட்டுத் தலையாட்டினேன். சிரிச்சா... அவ்வளவுதான்."

நாத்தனார் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகம் புதைத்தாள். சிட்டு செத்த அன்றுகூட வராத அழுகை அப்போதுதான் வந்தது. குனிந்து அவள் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டு அண்ணியும் அழுதாள்.